இங்கிலாந்தில் ஒரே ஒரு கிராமம் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கலாம்?

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாபேட்டை பக்கம் கிராமம் எனக்கு, விவசாயம்தான். மகள் ரெடிங்கில் இருக்கிறாள் (எழுத்தைப் பார்த்து ரீடிங் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், போன வருடம்தான் திருத்தினாள்). உளுந்து பறித்து முடித்ததும் ஏப்ரல் கடைசியில் நானும் வீட்டம்மாவும் கிளம்புகிறோம். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கிறார்களோ இல்லையோ, அதற்குள் நான் ஊரில் இருந்தாக வேண்டும், நாற்றங்கால் வேலை கிடக்கும்.

லண்டனுக்கு மருமகன் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். பாலம், அரண்மனை, அந்தப் பெரிய ராட்டினம் எல்லாம் அதில் வந்துவிட்டது. எனக்கு ஒரே ஒரு ஆசைதான், அங்கே ஒரு கிராமத்தைப் பார்க்க வேண்டும். காலண்டரில் போடுகிற மாதிரி இல்லாமல், மனிதர்கள் குடியிருக்கிற ஊர். வயல் எப்படி இருக்கிறது, வரப்பு உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பழைய சர்ச் இருந்தால் அதுவும். பக்கத்திலேயே காடோ மலையோ ஏதாவது ஒன்று இருந்தால் நல்லது. வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க மாட்டாள். இரண்டு பேரும் சைவம். மருமகனுக்கு லீவு கிடைத்தால் வருவார், இல்லாவிட்டால் நாங்களே ரயில், பஸ் பிடித்துப் போக வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


குடமுருட்டி:

ஐயா, நான் திருக்காட்டுப்பள்ளி. கில்ட்ஃபோர்டில் ஒன்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். நீங்கள் கேட்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான்: ஷியர். சர்ரே மாவட்டத்தில் நார்த் டவுன்ஸ் என்ற சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் இருக்கிற ஊர்.

உங்களுக்கு இது பிடிக்கும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஊரின் நடுவில் டில்லிங்போர்ன் என்று ஒன்று ஓடுகிறது. பேர்தான் ஆறு, நம் ஊர் பிரிவு வாய்க்கால் அகலம்கூட வராது, தெளிந்த தண்ணீரில் அடியில் கிடக்கிற கல் தெரியும், வாத்துகள் கரையேறி ரோட்டில் நடக்கும். லீத் ஹில் என்ற குன்றின் பக்கம் ஊற்றாகக் கிளம்பி, ஷால்ஃபோர்டில் வே என்ற ஆற்றில் சேர்ந்து, அது போய் தேம்ஸில் விழுகிறது. ஒரே நாளில் கரையோடு நடந்து முடித்துவிடக்கூடிய நீளம்தான். ஆனால் அந்தச் சின்னத் தண்ணீரை வைத்துக்கொண்டு அவர்கள் செய்யாத வேலை இல்லை. மாவு அரைத்தார்கள், காகிதம் செய்தார்கள், இரும்பு அடித்தார்கள், கம்பி இழுத்தார்கள், தோல் பதனிட்டார்கள். பக்கத்து ஊருக்கு அபிஞ்சர் ஹேமர் என்றே பெயர், ஹேமர் என்றால் ஆற்றுத் தண்ணீரால் ஓடிய இரும்புப் பட்டறைச் சம்மட்டி. இன்றைக்கும் அங்கே ரோட்டு மேல் தொங்குகிற கடிகாரத்தில் ஒரு கொல்லன் பொம்மை மணிக்கு மணி சுத்தியலால் அடிப்பான்.

அப்புறம் சில்வொர்த். 1626-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வெடிமருந்து அரைக்க ஆலை போட்ட இடம் அது. நம் தஞ்சாவூர் கம்பெனி கைக்குப் போனது 1799-இல், அதற்கு 170 வருடத்துக்கும் முன்பே இங்கே மருந்து அரைபட ஆரம்பித்துவிட்டது. கம்பெனி கொஞ்ச காலம்தான் நடத்தியது, பிறகு கை மாறி மாறி 1920 வரை ஓடியிருக்கிறது. இப்போது காட்டுக்குள் இடிந்த சுவர்களும் பாசி பிடித்த ஆட்டுக்கற்களும்தான் மிச்சம். முதல் தடவை போனபோது அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் தயிர் சாதம் சாப்பிட்டேன், எந்த இடம் என்று பலகையைப் படித்த பிறகுதான் உறைத்தது.

வழி சுலபம். ரெடிங்கிலிருந்து கில்ட்ஃபோர்டு, டார்க்கிங் வழியாக கேட்விக் போகிற ரயில் பாதை இருக்கிறது. அதில் கோம்ஷல் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினால் ஷியர் ஒன்றரைக் கிலோமீட்டர். ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பார்த்து ஏறுங்கள். முழங்காலை நினைத்தால் கில்ட்ஃபோர்டிலேயே இறங்கி 32-ஆம் நம்பர் பஸ் பிடிப்பது நல்லது, ஊருக்குள்ளேயே விடும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பஸ்ஸை நம்ப முடியாது.


அரசலாறு:

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். குடமுருட்டி தம்பி சொன்னதைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் தடவை போகிறவர்கள் காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதியைப் பார்க்காமல் வரலாமா? நாங்கள் அங்கே பைபரி என்ற கிராமத்துக்குப் போனோம். ஆர்லிங்டன் ரோ என்று ஒரு வரிசை வீடு, தேன் நிறக் கல்லில் கட்டியது, 1380 வாக்கில் மடத்துக்காரர்கள் கம்பளி வைக்கக் கட்டின கொட்டாரமாம், பின்னால் நெசவாளர் வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் நெசவாளர் தெருக்களைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனசில்லை. கூரை ஓடுகூடக் கல்தான்.

கூட்டம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் போன அன்று நாலைந்து பஸ் ஒரே நேரத்தில் நின்றது. அந்த வீடுகளில் ஆள் குடியிருக்கிறார்கள், ஜன்னலோரம் நின்று படம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் மகாமகத்துக்கு வந்த கூட்டம் நம் வீட்டுத் திண்ணையில் ஏறின ஞாபகம்தான் வருகிறது.


குடமுருட்டி:

அண்ணே, நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். காரில்லாமல் ரெடிங்கிலிருந்து பைபரி போய் வருவது ஒரு நாள் கூத்து. ஷியரும் அழகில் குறைச்சல் இல்லை, சனிக்கிழமை அங்கேயும் கூட்டம்தான், ஆனால் வார நாளில் போனால் ஊர்க்காரர்கள் நாயோடு நடப்பதும் பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதும் தெரியும்.

சர்ச் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். புனித ஜேம்ஸ் ஆலயம், 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் வடக்குச் சுவரில் இரண்டு ஓட்டை இருக்கும், ஒன்று நாலிதழ்ப் பூ வடிவம், இன்னொன்று சாய்வாக வெட்டின பிளவு. 1329-இல் கிறிஸ்டின் என்ற தச்சர் மகள், வாழ்நாள் முழுக்கப் பிரார்த்தனையில் இருப்பேன் என்று சொல்லி அந்தச் சுவருக்கு வெளியே ஒரு சின்ன அறையில் தன்னை அடைத்துக்கொள்ள பிஷப்பிடம் அனுமதி வாங்கினாள். பிளவு வழியாக பூசை பார்ப்பாள், பூ ஓட்டை வழியாக நற்கருணை வாங்கிக்கொள்வாள். கொஞ்ச காலத்தில் வெளியே வந்துவிட்டாள். 1332-இல் மறுபடி உள்ளே போக அனுமதி கேட்டு, பிராயச்சித்தத்தோடு கொடுத்திருக்கிறார்கள். ஏன் வந்தாள், ஏன் திரும்பினாள் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அறை போய்விட்டது, ஓட்டை மட்டும் இருக்கிறது. சர்ச் வாசலில் கூரை போட்ட மரக்கதவு ஒன்று இருக்கும், அதை வடிவமைத்தவர் லட்யன்ஸ், புது டெல்லியைக் கட்டினாரே அவர்தான்.


கீழணை:

அணைக்கரைக்காரன் நான். ஷியர் வரை போகிறவர்கள் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி டார்க்கிங் போகாமல் திரும்பினால் நம் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. ஆர்தர் காட்டன் அந்த ஊரில்தான் 1899-இல் காலமானார், அந்த ஊர்ப் பொதுக் கல்லறையில்தான் இருக்கிறார்.

தெரியாத இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளம், காவிரிப் பக்கம் மண் மேடிட்டுக்கொண்டே போனதால் தண்ணீர் முழுக்க கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும், தஞ்சாவூர்ச் சீமை காயும். கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை, எங்கள் ஊரில் கீழணை, இரண்டும் 1836-இல் காட்டன் கட்டியது. எங்கள் கீழணையிலிருந்துதான் வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் போகிறது, சென்னைக்காரர்கள் அதையும் குடிக்கிறார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்கார என்ஜினியர்கள் ஆற்று மணலில் அஸ்திவாரம் நிற்காது என்று பயந்தபோது, நம் கல்லணை நிற்பதைப் பார்த்துதான் அந்த வித்தையைக் கற்றேன் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். கோதாவரியில் தவளேஸ்வரம் அணையும் அவர்தான், ஆந்திராவில் ஊருக்கு ஊர் சிலை. நம் பக்கம் எத்தனை பேருக்குப் பெயர் தெரியும்?

வெண்ணாற்றங்கரை ஐயா, போனால் ஒரு பிடி கொள்ளிடத்து மண் கொண்டுபோய்ப் போடுங்கள்.


வெட்டாறு:

மண்ணா? விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். மண், செடியெல்லாம் அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வயதானவர்களை வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று. காட்டன் நல்ல என்ஜினியர், சரி. ஆனால் கம்பெனி அணை கட்டியது நம் மேல் இரக்கப்பட்டா? வரி வராமல் போனதால்தானே? கல்லணை கட்டினவன் கரிகாலன், அந்த மணலில் கல்லை உருட்டி இறக்கினவர்கள் பேர் எந்தக் கல்லிலும் இல்லை, அங்கே போய் மாலை போடுவோமா?


கீழணை:

வரிக்காகத்தான், நான் மறுக்கவில்லை. அதே காட்டன்தான் ரயிலில் கொட்டுகிற பணத்தை வாய்க்காலில் கொட்டுங்கள் என்று சொந்த அரசாங்கத்தோடு கடைசி வரை மல்லுக்கு நின்றார். மாலை போடச் சொல்லவில்லை தம்பி, எட்டிப் பார்க்கச் சொன்னேன். மண் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, வாபஸ்.


மண்ணியாறு:

அப்பா அம்மா மாதிரி இருக்கிறீர்கள், அதனால் நடைமுறை விஷயம் மட்டும் சொல்கிறேன். என் மாமியாரை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கமெல்லாம் சுற்றியிருக்கிறேன்.

சாப்பாடு: மதியம் இரண்டரைக்கு மேல் கிராமத்துப் பப்பில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சைவத்துக்கு வேகவைத்த முழு உருளைக்கிழங்கு, சூப், சீஸ் சாண்ட்விச் கிடைக்கும். டீக்கடையில் ஸ்கோன் என்று பன் மாதிரி ஒன்று தருவார்கள், பாலாடையும் ஜாமும் வைத்து, சிலவற்றில் முட்டை போட்டிருக்கும், முட்டை ஆகாதென்றால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். என்னைக் கேட்டால் புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், ஆற்றோரம் பெஞ்சு இருக்கும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நடை: அங்கே வயலுக்குக் குறுக்கே பொதுவழி உண்டு, தனியார் நிலமாக இருந்தாலும் நடக்க உரிமை இருக்கிறது. கம்பத்தில் மஞ்சள் அம்பு போட்டிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம், கேட்டைத் திறந்தால் மறக்காமல் சாத்த வேண்டும். கன்றுக்குட்டியோடு மாடு நின்றால் சுற்றிப் போங்கள், நம் ஊர் மாடு மாதிரி ஹை ஹை என்றால் போகாது. வேலியோரம் காஞ்சொறி மாதிரி ஒரு செடி, பட்டால் சுரீர் என்று இருக்கும். புடவையோடு போகலாம், ஆனால் காலுக்கு ஷூ கட்டாயம். மே மாதம் இங்கே நம் மார்கழியை விடக் குளிர், ஸ்வெட்டர், குடை இரண்டும் வேண்டும். இருட்ட ராத்திரி ஒன்பது ஆகும், அதனால் நேரம் இருக்கிறதென்று நினைத்துக் கடைசி பஸ்ஸை விட்டுவிடாதீர்கள், பஸ் சாயங்காலமே முடிந்துவிடும். டிக்கெட் 2025-இல் ஒரு தடவைக்கு 3 பவுண்டுக்கு மேல் இல்லாமல் இருந்தது, இப்போது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசியில் இறங்குகிறீர்கள் என்றால் முதல் வாரமே போங்கள். காட்டுக்குள் தரை முழுக்க ஊதா நிறத்தில் புளூபெல் பூத்திருக்கும், மே பாதிக்கு மேல் ஒன்றும் இருக்காது. லீத் ஹில் சரிவில் நிறைய. பறிக்கக் கூடாது, கிழங்கோடு தோண்டினால் சட்டப்படி குற்றம். அந்தக் குன்றின் உயரம் 294 மீட்டர்தான், உச்சியில் 1765-இல் ஒருவர் கட்டின கோபுரம் இருக்கிறது, கட்டினவரை அதன் அடியிலேயே புதைத்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்கு அது சரிப்படாது. டார்க்கிங் பக்கத்திலேயே பாக்ஸ் ஹில் இருக்கிறது, மேலே வரை கார் போகும், கீழே மோல் என்ற ஆற்றைத் தாண்டக் கல் கல்லாகப் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் குதித்துக் குதித்துப் போகும். கொஞ்சம் தள்ளி நடைபாலமும் உண்டு, நீங்கள் அதில் போங்கள்.

அங்கே இன்னொரு வேடிக்கை, 1800-இல் செத்துப்போன ஒரு மேஜரைத் தலைகீழாகப் புதைத்திருக்கிறார்கள், அவரே அப்படிக் கேட்டாராம். உலகமே தலைகீழாகக் கிடக்கிறது, கடைசியில் அது புரளும்போது நான் மட்டும் நேராக நிற்பேன் என்று.


வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. மண் எடுத்துப் போகவில்லை. பாக்ஸ் ஹில்லுக்கு மருமகன் காரில் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.


வெண்ணாற்றங்கரை:

வந்துவிட்டேன், இன்னும் ரெடிங்கில்தான் இருக்கிறேன். மே முதல் வாரம் செவ்வாய்க்கிழமை ஷியர் போனோம், மருமகனும் லீவு போட்டார், ஆனால் நான் சொன்னதற்காகக் காரை விட்டுவிட்டு ரயில், பஸ்தான்.

கில்ட்ஃபோர்டிலிருந்து பஸ் போகிற வழியில் குன்றுச் சரிவில் மஞ்சள் மஞ்சளாக ஒரு வயல். கடுகு ஜாதிப் பயிர்தான், எண்ணெய்க்குப் போடுகிறார்களாம். மற்றதெல்லாம் புல், ஆடு, குதிரை. நம் மாதிரி துண்டு துண்டாக வரப்பு இல்லை, முள் வேலிதான் வரப்பு, அதுவும் ஆள் உயரத்துக்கு வெட்டிச் சீராக்கி வைத்திருக்கிறார்கள். சில சின்ன ரோடுகள் தரைக்குக் கீழே பள்ளத்தில் போகின்றன, இரண்டு பக்கமும் மரத்து வேர் தலைக்கு மேலே தெரிகிறது. மணல் பூமி, வண்டி ஓடி ஓடியே அப்படித் தேய்ந்துவிட்டதாம். இந்த மண்ணில் நெல்லுக்கு ஒரு நாள்கூடத் தண்ணீர் கட்டி நிற்காது.

சர்ச்சில் அந்த ஓட்டையைப் பார்த்தோம். வீட்டம்மா ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு இருந்திருக்கும்?" என்று கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. ஓட்டை வீட்டம்மா உயரத்துக்கே இருந்தது, எட்டிப் பார்த்துவிட்டு, ரயிலில் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. நான்தான் குடமுருட்டி தம்பி சொன்ன வாத்துகளுக்கு புளிசாதத்தில் ஒரு பிடி போடலாமா என்று கேட்டு மருமகனிடம் திட்டு வாங்கினேன்.

அபிஞ்சர் ஹேமரில் ஊற்றுத் தண்ணீரைப் பாத்தி கட்டிப் பாயவிட்டு ஒரு கீரை வளர்க்கிறார்கள், வாட்டர்க்ரெஸ் என்று பெயர். தண்ணீர் நிற்காமல் ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம். வாயில் போட்டால் கடுகு மாதிரி சுள்ளென்று ஏறுகிறது. ஒரு கட்டு வாங்கி வந்து பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தாள், வெந்ததும் அந்தக் காரம் எங்கேயோ போய்விட்டது. பச்சையாகவே தின்றிருக்கலாம்.

டார்க்கிங் மறுநாள் போனோம். ஸ்டேஷனிலிருந்து காட்டன் இருக்கிற கல்லறை நடக்கிற தூரம்தான், மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்து போனோம். பெரிய இடம், மரமெல்லாம் நிழல் கட்டி இருக்கிறது. தேடிக் கண்டுபிடித்தோம். கீழணை அண்ணன் கேட்டதற்காகப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும், மனசில் வெட்டாறு தம்பி சொன்னதும் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தேன், ஈரப் புல், ஷூ வேறு, விட்டுவிட்டேன். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் அவர் கட்டின மேலணையின் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போனதும், 182 வருடம் நின்ற கட்டடம் என்று டிவியில் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தோம்.


மண்ணியாறு:

அம்மா முழங்கால் எப்படி இருக்கிறது? புளூபெல் பார்த்தீர்களா? ஊர்க்காரர்கள் யாரோடாவது பேசினீர்களா?


வெண்ணாற்றங்கரை:

முழங்கால் பரவாயில்லை, இங்கே படி ஏறுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. புளூபெல் பார்த்தோம், பாதி வாடிவிட்டது. மகளுக்கு நூறு படம் அனுப்பியாயிற்று.

பேசினது என்றால் ஷியரில் ஒருவரிடம். கோம்ஷல் பக்கம் போகிற வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தை ஒட்டி ஆறு போகிறது, அங்கே மரப்பலகை போட்ட சின்ன மதகு. கல்லில் வெட்டின காடி, அதில் நாலு பலகை ஒன்றன்மேல் ஒன்று, மேல் பலகையில் இரும்பு வளையம். அச்சு அசலாக எங்கள் வயல் மதகுப் பலகை. எழுபது வயது இருக்கும், ஒருவர் அடைத்த இலையையெல்லாம் வாரியால் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்று பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார். பலகையைக் காட்டி, எங்கள் ஊரிலும் இதேதான் என்று மருமகனைச் சொல்லச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம், ஒரு பலகையைத் தூக்கி எடுத்துக் காட்டினார், தண்ணீர் எகிறி வந்தது, அந்தச் சத்தமும் அதேதான்.

உங்களுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார். ஜூன் 12 என்றேன். யார் திறப்பார்கள் என்றார். முதலமைச்சர் என்றதும் வாரியைக் கீழே வைத்துவிட்டார். அணையில் தண்ணீர் இல்லாவிட்டால்? என்று அடுத்த கேள்வி. மருமகன் கர்நாடகாவில் ஆரம்பித்து, 1924 ஒப்பந்தம் என்று பின்னால் போய், நடுவர் மன்றத்துக்கு வந்து, 2018 தீர்ப்பில் 177 டிஎம்சி என்று சொல்லி, ஒரு டிஎம்சி என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது.